திரைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டும் பதினெட்டும்

1

எங்கள் வீட்டு டிவி ரிமோட் கொஞ்ச நாள் வயிறு காலியாகக் கிடந்தது. அதிலிருந்த பேட்டரிகளைப் பிடுங்கி ஒரு கால்குலேட்டருக்குள் போட்ட பாவம் என்னுடையது. கிரிக்கெட் பார்க்க உட்காரும்போதெல்லாம் என் கணவர் சேகர் எழுந்து போய், டிவியின் முதுகைத் தடவித் தடவிப் பொத்தானைத் தேடுவார்.

"ஏன் தனம், இந்த ஊர்ல பேட்டரியே விக்கிறதில்லையா?"

"ஏன் விக்காம? போய் வாங்கிட்டு வாங்க."

போக மாட்டார். கடைக்குப் போக இங்கே கார் எடுக்க வேண்டும், கார் எடுக்கச் சட்டை மாற்ற வேண்டும். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்ட மனிதர் இவர்தான் என்று சொன்னால் என் மகளே நம்ப மாட்டாள்.

நான் தனலட்சுமி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். பொன்னேரியில் பி.எஸ்.சி. கணிதம் படித்தேன். இப்போது டெக்சாஸில், கடலோரமாக இருக்கும் ஓர் ஊரில் குடியிருக்கிறேன். இந்த மாதத்தோடு நாங்கள் இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது. கேக் வெட்டலாமா என்று சேகர் கேட்டார். கேக்கை நீங்களே சாப்பிடுங்கள், நான் ஊருக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுத உட்கார்ந்தால் பனியைப் பற்றி எழுதுவார்கள், இட்லி மாவு புளிக்காததைப் பற்றி எழுதுவார்கள். இங்கே பனி கிடையாது. மாவோ பொன்னேரியைவிட ஜோராகப் பொங்குகிறது. ஆகவே நான் கால்குலேட்டரைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். அந்த ஊதாநிறச் சனியன் என்னை ஒரு தடவை கவிழ்த்தது, இன்னொரு தடவை கவிழ்க்கப் பார்த்தது.

விஷயம் இதுதான். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்குத் தட்டில் மக்ரோனி போடுகிற வேலை. அதே பள்ளியில் கணக்கு வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியர் வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரே ஓர் இடம். அதில் சேர்ந்துவிட்டால் அப்படியே பயிற்சி முடித்து முழு ஆசிரியர் ஆகலாம். எனக்குக் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. பொன்னேரியில் படித்த காலத்திலிருந்து நான் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான். கல்யாணம், சிங்கப்பூர், பிரசவம், அமெரிக்கா என்று தள்ளித் தள்ளிப் போனது, இப்போது சமையற்கட்டுக் கதவிலேயே வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆனால் என் பட்டத்தைப் பார்த்த அலுவலகத்து அம்மாள், எல்லாம் சரி, ஆனாலும் பொதுக் கணிதத் தேர்வு ஒன்று எழுதிப் பாஸாக வேண்டும் என்றார். எழுதினேன். ஃபெயிலானேன். கோடை முடிவதற்குள் இன்னொரு தடவை எழுதலாம். அதிலும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு. எனக்கு மக்ரோனிதான்.

2

அந்தத் தேர்வை எழுதியது நான் என்றாலும் பதிவானது என் அப்பா பெயரில். அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். நைனாவின் பெயர் ஏகாம்பரம். பாஸ்போர்ட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அவ்வளவுதான், அமெரிக்காவில் நான் மிஸ் ஏகாம்பரம் ஆகிவிட்டேன். வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் "ஏகாம்பரம்!" என்று கூப்பிட்டால், நைனா எங்கே இங்கே வந்தார் என்று திரும்பிப் பார்ப்பேன். என் மகள் யாழினிக்கோ கடைசிப் பெயர் சேகர். பள்ளியில் சேர்க்கப் போனபோது, நீங்கள் இந்தக் குழந்தைக்கு என்ன உறவு என்று என்னையே கேட்டார்கள்.

எல்லாரையும்விட அடி வாங்கியவர் சேகர்தான். வீட்டுக் குழாய் சரிசெய்ய வந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஹலோ மிஸ்டர் ஏகாம்பரம்" என்றார். மாமனார் பெயரால் அழைக்கப்படுவது எந்த மாப்பிள்ளைக்குத்தான் இனிக்கும்? அதுவும் இந்த மாமனார். சேகர் காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்து முன்னுக்கு வந்தவர். நைனா அங்கே துறைமுகமே வேண்டாம் என்று கொடி பிடித்துப் போனவர். கல்யாணப் பந்தியிலேயே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வஞ்சிரம் தின்றார்கள்.

தேர்வு என் பெயரில் இல்லை, உன் பெயரில்தான் என்று நைனாவிடம் போனில் சொன்னபோது, ஏரிக்காற்றையும் மீறி அவர் சிரித்தது கேட்டது.

"நான் மூணாங்கிளாஸே தாண்டல. எனக்கு அமெரிக்காவுல கணக்குப் பரீட்சையா? நல்லா கீதே கதை."

"அதான் நான் உனக்குப் பதிலா எழுதுறேன்ல."

"உஷாரா எழுது தனம். நீ கோட்டை வுட்டன்னு வெச்சிக்கோ, என் பேரு நாறிடும்."

முதல் தடவை நாறித்தான் போனது. "நான் ஃபெயிலாமேடா" என்று கரையில் எல்லாரிடமும் அவரே சொல்லிச் சிரித்தாராம்.

3

இனி அந்தச் சனியனுக்கு வருகிறேன்.

இது மளிகைக்கடைக் கால்குலேட்டர் இல்லை. கிராஃபிங் கால்குலேட்டர் என்பார்கள். செங்கல் கனம், உடம்பெல்லாம் பொத்தான். சமன்பாட்டை அடித்தால் குட்டித் திரையில் கோடு வரைந்து காட்டும். அந்தக் கோடு நடுவிலுள்ள படுக்கைக் கோட்டை எங்கே வெட்டுகிறதோ அங்கே விடை. இங்கே பெரிய பொதுத் தேர்வுகளுக்கெல்லாம் இதை உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள். நமக்கு இது எப்படி இருக்கும்? பிளஸ் டூவில் நமக்குக் கொடுத்தது லாக் டேபிள். பொன்னேரிக் கல்லூரியில் கால்குலேட்டரோடு பரீட்சைக்கு வந்தால் பிட் அடிக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

யாழினி பழைய கால்குலேட்டர் ஒன்றைக் கொடுத்தாள். ஊதா நிறம், மூடியில் பூனைப் படம். நான் என்ன நினைத்தேன் என்றால், இவ்வளவு பெரிய நாட்டில் மெஷினை உள்ளே விடுகிறார்கள் என்றால் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அழுத்த வேண்டும், கையால் போட்டால் பட்டிக்காடு என்பார்கள். ஆகவே ஏழெட்டு எவ்வளவு என்பதற்கும் அழுத்தினேன். பாதிப் பாதி எவ்வளவு என்பதற்கும் அழுத்தினேன்.

அதில் மைனஸ் இரண்டு வேறு இருக்கிறது. கழிப்பதற்கு ஒன்று, மைனஸ் எண்ணுக்கு இன்னொன்று. இந்த நாட்டில் பாலில் பத்து வகை, ரொட்டியில் இருபது வகை, சரி போகட்டும். மைனஸில்கூடவா வகை? தப்பான மைனஸை அழுத்தினால் பிழை என்று திட்டும். மைனஸ் மூன்றின் வர்க்கத்தை அடைப்புக்குறி போடாமல் அடித்தேன், மைனஸ் ஒன்பது என்றது. எந்த ஊரில் ஒரு எண்ணின் வர்க்கம் மைனஸ் வரும்? எனக்கே தெரியும் அது தப்பு என்று. ஆனால் அமெரிக்க மெஷின் சொல்கிறதே என்று அதையே குறித்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி. x² − 30x + 216 = 0. இதற்கு விடை என்ன? அடித்தேன். திரையில் ஒன்றும் இல்லை. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, மற்றபடி வெறுமை. கொஞ்ச நேரம் பார்த்தேன். இல்லை என்றால் இல்லைதான் என்று, "விடை இல்லை" என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்து வந்தேன்.

சில கேள்விகளில் போயிற்று பாஸ். அதற்கடுத்த வாரம் சமையற்கட்டில் கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடுக்கு, அடுக்குக்குப் பதினெட்டுத் தட்டு. மொத்தம் இருநூற்றுப் பதினாறு என்று மனசு தானாகச் சொன்னது. பன்னிரண்டும் பதினெட்டும் கூட்டினால் முப்பது என்று அதுவே அடுத்ததையும் சொன்னது. தேர்வுக் கேள்வியில் இருந்த அதே 216, அதே 30; விடை பன்னிரண்டும் பதினெட்டும்தான். "அடிப்பாவி!" என்று தமிழில் கத்தினேன். பக்கத்தில் சூப் கலக்கிய அம்மாள் பயந்து கரண்டியைச் சூப்புக்குள்ளேயே விட்டுவிட்டார்.

பொன்னேரிப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மனசில் போடும் கணக்கு அது. அதைப் போய் மெஷினிடம் கேட்டு, இல்லை என்று அது சொன்னதும் நம்பி வந்தேனே, என்னை எதால் அடிப்பது?

4

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். யாழினிக்குப் பதினேழு வயது. காதில் எப்போதும் ஹெட்போன், அறைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அம்மா என்று கூப்பிட்டால் ஒன்று பசி, இல்லையென்றால் வைஃபை. அவள் அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அம்மா, நீ ஸூம் அவுட் பண்ணலையா?"

"அப்டின்னா?"

கால்குலேட்டரைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அதே சமன்பாட்டை அடித்தாள். வெறுமை. இன்னொரு பொத்தானை அழுத்தினாள். திரை விரிந்தது, வலது ஓரத்தில் கோடு கீழே இறங்கி, பன்னிரண்டில் நடுக்கோட்டை வெட்டி, பதினெட்டில் மேலே ஏறிப் போனது.

"இந்த ஸ்க்ரீன் சும்மா மைனஸ் பத்துலேர்ந்து பத்து வரைக்கும்தான் காட்டும். அதுக்கு அந்தப் பக்கம்தான் ஆன்ஸர் இருந்துச்சு. நீ ஏன் தேடவே இல்ல?"

நான் யோசிக்காமல் சொன்னேன்: "அது நம்ம இடமில்லையே."

சேகருக்குச் சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. யாழினி சிரிக்கவில்லை. "என்ன சொன்ன?" என்று கேட்டாள். என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. நினைத்தவர்கள் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். உன் நாளில் உன் இடத்தில் இறால் வந்தால் யோகம், வராவிட்டால் வெறும் கூடையோடு வீட்டுக்குப் போ. நட்ட கம்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் பாடு, அதில் கை வைத்தால் ஊர் சும்மா விடாது. சின்ன வயதில் அடம்பிடித்து ஒரு நாள் நைனாவோடு படகில் போனேன். எங்கள் இடத்தில் ஒன்றுமில்லை. கம்புக்கு அந்தப் பக்கம் இறால் துள்ளுகிறது. அங்கே போகலாம் என்று நான் குதித்ததற்கு, "அது நம்ம பாடு இல்ல. கண்ண இந்தப் பக்கம் வை" என்றார் நைனா. அன்றைக்கு வைத்த கண் இது. ஒரு கட்டத்தைக் காட்டினால் அதற்குள்ளேதான் பார்க்கும்.

யாழினிக்கு நம்பவே முடியவில்லை. அப்போதே தாத்தாவுக்கு வீடியோ காலைப் போட்டாள். அங்கே காலை, நைனா டீக்கடையில் இருந்தார்.

"தாத்தா, கம்புக்கு அந்தப் பக்கம் மீன் இருந்தா ஏன் போய் எடுக்க மாட்டீங்க? போலீஸ் வருமா?"

"போலீஸ் இன்னாத்துக்கு? பக்கத்து வூட்டு அடுப்புல சோறு வேவுதுன்னு போய்த் தட்டப் போட்டுகினு குந்துவியா கண்ணு? நாளைக்கி அந்த எடம் நமக்கு வரும். அவன் இங்க வருவான். அவ்ளோதான்."

யாழினி போனை வைத்துவிட்டு என்னையும் கால்குலேட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாத்தா சொல்றது கரெக்ட். ஆனா அம்மா, இதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் இல்ல. மொத்த ஏரியும் உன்னுதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாம்பார் ஊற்றும் சாக்கில் எழுந்துகொண்டேன்.

5

அடுத்த நாளிலிருந்து அவள் வாத்தியார். கடுமையென்றால் அப்படியொரு கடுமை. முதல் வேலையாகக் கால்குலேட்டரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு வாரம் இதத் தொடக் கூடாது. கையில போடு. எது கையில கஷ்டம்னு உனக்கே தெரியும். அதுக்கு மட்டும் இது."

அந்த ஒரு வாரத்தில் பொன்னேரி திரும்பி வந்தது. பாதிக்கு மேல் கேள்விகளுக்கு மெஷினே வேண்டாம், பார்த்த கண்ணுக்கே விடை தெரிகிறது. தசமப் புள்ளிகள் தாறுமாறாக வரும் கணக்கு, இரண்டு கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்வி, நீளமான பட்டியலுக்குச் சராசரி, இதற்குத்தான் அது. போட்ட விடையைச் சமன்பாட்டில் திருப்பி வைத்துச் சரிபார்க்கவும் நல்ல வேலைக்காரன்.

எதையும் அடிப்பதற்கு முன்னால், விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது அவள் போட்ட சட்டம். சொல்லாமல் கை பொத்தானுக்குப் போனால் பட்டென்று தட்டுவாள். பெற்ற தாயை! அப்புறம் அடைப்புக்குறி, அந்த இரண்டு மைனஸ், கோணம் டிகிரியில் இருக்கிறதா என்று பார்ப்பது, கேள்வியில் வரும் எண்ணைப் பார்த்துத் திரையின் எல்லையை நாமே மாற்றுவது. பழகிய மெஷினைத்தான் கொண்டுபோக வேண்டும், தேர்வன்று புது மெஷின் ஆகாது. புது பேட்டரி போட்டுக்கொள் என்றும் சொன்னாள். அன்றைக்குத்தான் ரிமோட்டின் வயிற்றில் கை வைத்தேன்.

இதையெல்லாம்கூடக் கற்றுக்கொண்டேன். ஒன்று மட்டும் வரவில்லை. ஒரு கேள்வியில் மாட்டினால் தாண்டிப் போய்விட்டு அப்புறம் திரும்பி வா என்பாள். என்னால் முடியாது. ஐந்து முடியாமல் ஆறுக்கு எப்படிப் போவது? முறை என்று ஒன்று இல்லையா?

"மறுபடியும் பாடா!" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். அப்படித் திட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் திடீரென்று கேட்டாள்: "அந்தச் சீட்டுல உன் பேர் எப்பவாவது வந்திருக்கா?"

"எம்பேரு எப்படி வரும்? ஆம்பளைங்க பேருதான் எழுதுவாங்க. உன் மாமா பேரு கீது."

"நீ கேட்டதே இல்லையா?"

கேட்டிருக்கிறேன். படகில் போன அதே வருஷம், சீட்டுக் குலுக்கும் இடத்தில் நைனாவின் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்து, என் பெயரையும் எழுதச் சொல்லி அழுதேன். நைனா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "பொட்டப் புள்ளைக்கிப் பாடு இல்ல தனம், ஊரு கட்டு அப்டி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது. சீட்டில் "ஏகாம்பரம்" என்று படித்தார்கள், எல்லாரும் ஓ என்று கத்தினார்கள், நானும் அழுகையை விட்டுவிட்டுக் கத்தினேன்.

இதைச் சொன்னதும் யாழினி இங்கிலீஷில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். நான் காதில் விழாததுபோல இருந்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் அறைக்கதவு ராத்திரியில் கொஞ்சம் திறந்தே இருந்தது.

6

தேர்வுக்கு முன்தினம் யாழினி கால்குலேட்டரை எனக்காகத் தயார் செய்து கொடுத்தாள். கோணத்தை டிகிரிக்கு மாற்றி, திரையின் எல்லையை மைனஸ் ஐம்பதிலிருந்து ஐம்பது வரை விரித்து, "எல்லாம் செட். ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்லன்னா இனிமே உண்மையிலேயே ஒண்ணும் இல்ல" என்றாள்.

தேர்வுக்கூட வாசலில், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு மேற்பார்வையாளர் அம்மாள் என் அடையாள அட்டையைப் பார்த்து, "வெல்கம், மிஸ் ஏகாம்பரம்" என்றார். பிறகு கால்குலேட்டரை வாங்கி டக் டக்கென்று ஏதோ அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே எதையாவது சேமித்து வைத்திருந்தால் அழிப்பதற்காம், விதியாம். என்னிடம் அழிக்க என்ன இருக்கிறது? நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஆரம்பத்திலேயே ஒரு கொடிக்கம்பம். அதன் உச்சியிலிருந்து தரைக்கு இருபது அடிக் கயிறு, தரையோடு நாற்பது டிகிரி சாய்வு, கம்பத்தின் உயரம் என்ன? சைன் நாற்பதை இருபதால் பெருக்கினேன். 14.9 வந்தது. விடைகளிலும் 14.9 இருந்தது. குறித்தேன். பதற்றத்தில், அடிப்பதற்கு முன்னால் உத்தேச விடையைச் சொல்லிப் பார்க்க மறந்துவிட்டேன். அடுத்தடுத்த கேள்விகள் கையாலேயே ஓடின. மனசு குளிர்ந்தது.

பாதிக்கு மேல் வந்ததும் 0.5x² − 17x + 135. இந்தக் கோடு நடுக்கோட்டை எங்கே வெட்டும்? கையால் போட்டால் வர்க்கமூலம் அசிங்கமாக வரும், மெஷினுக்கான கேள்விதான். அடித்தேன்.

வெறுமை.

மைனஸ் ஐம்பதிலிருந்து ஐம்பது வரை விரித்த திரை, என் மகள் கையால் விரித்தது. அதில் ஒன்றும் இல்லை என்றால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. விடைகளில் "எங்கும் வெட்டாது" என்றும் இருக்கிறது. கை அங்கே போய்விட்டது. அப்போது நினைவுக்குள் யாழினி கையைப் பட்டென்று தட்டினாள். முதலில் நீ சொல்லு, அப்புறம் மெஷின்.

சொன்னேன். x பூஜ்யம் என்றால் நூற்று முப்பத்தைந்து, நடுக்கோட்டுக்கு மேலே. x இருபது என்றால் இருநூறு, அதில் முந்நூற்று நாற்பது போய், நூற்று முப்பத்தைந்து சேர்ந்தால் மைனஸ் ஐந்து, நடுக்கோட்டுக்குக் கீழே. மேலே இருந்தது கீழே வர வேண்டுமானால் நடுவில் எங்கோ வெட்டித்தானே ஆக வேண்டும்? அப்படியென்றால் திரை புளுகுகிறது. எல்லையைத் திறந்து பார்த்தேன். மைனஸ் பத்து முதல் பத்து வரை.

வாசலில் அழுத்திய அந்த டக் டக்! யாழினி செய்த ஏற்பாடு எல்லாவற்றையும் அந்த அம்மாள் துடைத்துவிட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, விதி. எல்லையைத் தள்ளினேன். கோடு வந்தது, 12.6, 21.4 என்று இரண்டு இடத்தில் வெட்டியது. குறித்துவிட்டு ஒரு மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. எல்லையைத் துடைத்தவர் கோணத்தை மட்டும் விட்டிருப்பாரா?

விடவில்லை. டிகிரி போய் ரேடியன் என்ற வேறு அளவு உட்கார்ந்திருந்தது. அப்படியென்றால் அந்தக் கொடிக்கம்பம்? நாற்பத்தைந்து டிகிரி சாய்வு என்றாலே இருபது அடிக் கயிற்றுக்குக் கம்பம் பதினாலு அடிதான் வரும், இது பொன்னேரியிலேயே மனப்பாடம். நாற்பதுக்கு அதைவிடக் குறைய வேண்டும். நான் 14.9 என்று குறித்துவிட்டு வந்திருக்கிறேன்.

திரும்பிப் போக வேண்டும். முடித்துவிட்டு வந்த இடத்துக்கு, கேள்வி வரிசையில் பின்னால். நேரமும் கரைகிறது. சிரிக்காதீர்கள், எனக்கு உடம்பு கூசியது. உன் முறை முடிந்தால் முடிந்ததுதான், திரும்பிப் போனால் அங்கே வேறு ஆள் வலை கட்டியிருப்பான் என்று ரத்தத்தில் ஊறிய பயம். "இதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் இல்லம்மா." யாழினி சொன்னது காதில் கேட்டது. போனேன். யாரும் வலை கட்டியிருக்கவில்லை. கொடிக்கம்பம் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தது. 14.9-ஐ அழித்துவிட்டு 12.9 என்று குறித்தேன். அங்கே போன தைரியத்தில், புரியாத ஒன்றைத் தாண்டி முன்னால் போனேன், மறுபடி பின்னால் வந்தேன், மறுபடி முன்னால். அந்த அறை முழுக்க ஒரே ஏரி மாதிரி திரிந்தேன். மணி அடித்தபோது எனக்கு எழுந்து வரவே மனசில்லை.

7

முடிவு ஒரு சாயங்காலம் வந்தது. பாஸ். பள்ளியிலிருந்தும் கடிதம், கோடை முடிந்ததும் கணக்கு வகுப்புக்கு வந்துவிடுங்கள் என்று. யாழினி ஹெட்போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "டீச்சரம்மா, டீச்சரம்மா" என்று கூடம் முழுக்கக் குதித்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து ரொம்ப நாளாயிற்று, நான் விடவில்லை.

சேகர் சட்டையை மாற்றிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனார். வரும்போது கையில் பெரிய பொட்டலம் நிறைய பேட்டரி. ரிமோட்டுக்குத்தான் என்று நினைத்தேன். கால்குலேட்டரைத் திறந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பழையதை ரிமோட்டில் போட்டுக்கொண்டார்.

"வகுப்புல நடுவுல நின்னுடக் கூடாதுல்ல, மிஸ் ஏகாம்பரம்" என்றார்.

நைனாவுக்கு வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே பொழுது விடிந்திருந்தது. கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் ஆட்கள்.

"நைனா, ரிசல்ட் வந்துச்சு."

"ஏகாம்பரம் பாஸா ஃபெயிலா? மொதல்ல அத்தச் சொல்லு."

"பாஸ் நைனா."

போன் தடதடவென்று ஆடியது. வானம் தெரிந்தது, ஒரு படகின் மூக்கு தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது. "டேய்! அமெரிக்காவுல நான் கணக்குல பாஸுடா!" என்று அவர் கத்துவது கேட்டது.

"நேத்து நண்டு எண்ணத் தெரியாம முழிச்ச. உன்ன எவன் பாஸ் போட்டான் மாமா?" என்று யாரோ கேட்க, கரையே சிரித்தது. நானும் இங்கே சிரித்தேன். அப்புறம் நைனா எழுந்து கொஞ்சம் தள்ளி வந்தார். முகம் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"தனம், பாஸுன்னு போட்ட அந்தச் சீட்டு கையில கீதா?"

"கீது நைனா. பிரின்ட் எடுத்து வெச்சிகிறேன்."

"காட்டு."

காட்டினேன். நைனாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுல உம் பேரு கீதா?"

"கீது."

"எங்க கீது?"

பெயரின் மேல் விரலை வைத்தேன். "இதோ, இது நான். அதுக்குப் பின்னாடி நீ."

"நீ முன்னாடியா?"

"ஆமா நைனா. நான்தான் முன்னாடி."

ஏரிக்காற்று போனில் இரைந்தது. நைனா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"செரியாத்தான் போட்டுகிறான்" என்றார்.